ஏழு வரி சி புரோகிராம்: எந்த வரி யாருக்கு?

சி மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பதிலை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 'சி புரோகிராமின் அமைப்பைப் படத்துடன் விளக்குக' என்ற கேள்விக்கான பதில். விளக்கக் குறிப்பு, இணைப்புப் பகுதி, வரையறைப் பகுதி, பொது அறிவிப்பு, மெயின் ஃபங்ஷன், துணை ஃபங்ஷன்கள் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு பெட்டிகள். மதிப்பெண் வாங்கித் தருகிற படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை அழகாக வரைந்தவரிடமே "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். வரி எங்கே வரும் என்று தெரியும். ஏன் வருகிறது, யார் அதைப் படிக்கிறார்கள் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்த 'யார்' தெரிந்தால் மனப்பாடம் தேவைப்படாது. சின்ன புரோகிராம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் அடிக்கும்போது கட்டளைச் சொற்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். முதல் வரியின் விளக்கக் குறிப்பும் மேற்கோள் குறிக்குள் இருக்கும் 'வணக்கம்' என்ற சொல்லும் மட்டும் தமிழிலேயே இருக்கலாம்.

/* என் முதல் புரோகிராம் */
#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>

இன்ட் மெயின்(வாய்ட்)
{
    பிரின்ட்எஃப்("வணக்கம்\என்");
    ரிட்டர்ன் 0;
}

காலி வரியை விட்டுவிட்டால் ஏழு வரிகள். இந்த ஏழும் ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை அல்ல. முதல் வரி மனிதருக்கு. இரண்டாவது, கம்பைலுக்கு முன் நிரலைத் தயார்செய்யும் பிரீபிராசசருக்கு. மெயின் என்ற பெயர், கம்பைல் ஆன துண்டுகளைக் கடைசியில் ஒன்றாக இணைக்கும் லிங்கருக்கு. ரிட்டர்ன் 0 சொல்வது ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு. நடுவில் இருப்பவைதான் கம்பைலர் மெஷின் மொழிக்கு மாற்றுகிற வேலை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் ஒருவருக்கு, தேதி ஒருவருக்கு, மண்டப முகவரி வண்டி ஓட்டுபவருக்கு என்று பிரிந்து பயன்படுவது போலத்தான் இதுவும்.

சரி, இந்த வரிகள் எல்லாமே ஆரம்பத்திலிருந்து இருந்தவையா? இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் சி மொழியை உருவாக்கினார். அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-ல் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் முதல் பதிப்பில் இருக்கும் முதல் புரோகிராம் நம்முடையதைவிடச் சின்னது. மெயின் என்ற பெயர், வெற்று அடைப்புக்குறி, உள்ளே 'ஹலோ, வேர்ல்ட்' என்று அச்சிடும் ஒரு பிரின்ட்எஃப். அவ்வளவுதான். இன்க்ளூட் கிடையாது, இன்ட் கிடையாது, ரிட்டர்ன் கிடையாது. அன்றைக்கு அது சரியான புரோகிராம். இன்று அதை அப்படியே எடுத்து ஜிசிசி என்ற கம்பைலரின் 2024-ல் வெளிவந்த 14-ஆம் பதிப்பிடம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது, பிழை என்று நிறுத்திவிடும்.

இடையில் நடந்தது இதுதான். சி-க்கு முன்னால் கென் தாம்ப்ஸன் உருவாக்கிய பி என்ற மொழி இருந்தது. அதில் டேட்டா வகை என்ற பேச்சே இல்லை. எல்லாமே மெஷினின் ஒரு வேர்ட், அதாவது அது ஒரே தடவையில் கையாளும் அளவுதான். அந்தப் பழக்கத்தில் வந்ததால், சி-யிலும் வகை எதையும் சொல்லாமல் விட்டால் 'இன்ட்', அதாவது முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1989-ல் அமெரிக்கத் தரநிலை வந்தபோதும் அதை விட்டுவைத்தார்கள். 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் நீக்கினார்கள். கம்பைலர்கள் பழைய புரோகிராம்களுக்காக அதன் பிறகும் கால் நூற்றாண்டு பொறுத்துக்கொண்டன. ஆக, நாம் இன்று எழுதும் ஒவ்வொரு கூடுதல் வரியும் யாரோ ஒருவருக்கு ஏற்பட்ட சிக்கலைத் தீர்க்க வந்தது.

இரண்டாவது வரிக்கு வருவோம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எஸ்டிடிஐஓ என்பது 'ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட்' என்பதன் சுருக்கம். அதை 'ஸ்டுடியோ' என்று வாசித்து, வாசித்தபடியே அடித்துவிடுவது லேப்களில் வழக்கமாக நடப்பது. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று கம்பைல் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியே இந்த வரி என்ன செய்கிறது என்பதற்கு நல்ல விளக்கம். அது ஒரு ஃபைலைத் தேடுகிறது. உங்கள் கணினியில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ஃபைல் இருக்கிறது. வெறும் டெக்ஸ்ட் ஃபைல், திறந்து படிக்கலாம். பிரீபிராசசர் செய்யும் வேலை அந்த ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் இந்த வரி இருக்கும் இடத்தில் கொண்டுவந்து ஒட்டுவது மட்டுமே.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஜிசிசி கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் பெரிய எழுத்து 'இ'-யும் சேர்த்துக் கொடுங்கள். கம்பைல் செய்யாமல், ஒட்டும் வேலையை மட்டும் முடித்துத் திரையில் காட்டும். ஏழு வரி எழுதிய உங்களுக்கு லினக்ஸில் சில நூறு வரிகள் வந்து கொட்டும். கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், உங்கள் மெயின் அப்படியே இருக்கும். முதல் வரியில் எழுதிய விளக்கக் குறிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். குறிப்புகளை நீக்கி அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விடுவதும் இந்தக் கட்டத்தின் வேலை. அதனால்தான் குறிப்பு மனிதருக்கு மட்டும் என்று சொன்னேன். கம்பைலர் கையில் அது போய்ச் சேர்வதே இல்லை.

இந்த வரியின் முடிவில் ஏன் செமிகோலன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இது சி மொழியின் வாக்கியமே இல்லை. # குறியில் தொடங்குவது எல்லாம் பிரீபிராசசருக்கான உத்தரவு. அவை வரி முடிந்தால் முடிந்துவிடும். பிரீபிராசசரே சி பிறந்தபோது கூட வந்தது அல்ல. 1972-73 வாக்கில், ஆலன் ஸ்னைடர் என்பவர் வற்புறுத்தியதும் ஒரு காரணமாக, பிறகு சேர்க்கப்பட்டது. பிறகு சேர்ந்ததால் அதற்குத் தனி இலக்கணம்.

அப்புறம், ஆறு பெட்டிப் படத்தில் இந்த வரிக்கு 'இணைப்புப் பகுதி' என்று பெயர் போட்டிருக்கிறார்களே, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இந்த வரி எதையும் இணைப்பதில்லை. பிரின்ட்எஃப் எப்படி வேலை செய்கிறது என்ற நிரல் எஸ்டிடிஐஓ.எச் ஃபைலுக்குள் இல்லவே இல்லை. 'பிரின்ட்எஃப் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, அது இன்ன வகை மதிப்புகளை வாங்கிக்கொள்ளும், இன்ன வகை மதிப்பைத் திருப்பித் தரும்' என்ற அறிவிப்பு மட்டும்தான் இருக்கிறது. உண்மையான நிரல் ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்டு, சி லைப்ரரி என்ற வேறொரு ஃபைலில் இருக்கிறது. அதோடு இணைப்பது லிங்கர், கடைசிக் கட்டத்தில்.

நம்பாவிட்டால் வர்க்கமூலத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பயனர் கொடுக்கும் எண்ணுக்கு வர்க்கமூலம் காண, கணித ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஹெடர் ஃபைலான மேத்.எச்-ஐச் சேர்த்து, ஸ்கொயர் ரூட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, லினக்ஸில் சாதாரணமாகக் கம்பைல் செய்யுங்கள். கம்பைலர் ஒரு வார்த்தை குறை சொல்லாது. லிங்கர் மட்டும் 'இந்தப் பெயருக்கு உரிய நிரலைக் காணோம்' என்று நிறுத்தும். கட்டளையின் முடிவில் கழித்தல் குறி போட்டு எல், எம் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து, கணித லைப்ரரியையும் பார் என்று சொன்னால்தான் வேலை முடியும். இன்க்ளூட் வரியே இணைத்துவிடும் என்றால் இந்தப் பிழை வந்திருக்கவே கூடாது. இணைப்பு, அறிவிப்பு என்ற இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக்கொடுப்பதால் இந்த இடத்தில் மணிக்கணக்கில் தவித்து நிற்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறு அவர்கள் மேல் இல்லை.

அடுத்தது மெயின். ஒரு சி புரோகிராமில் எத்தனை ஃபங்ஷன் வேண்டுமானாலும் இருக்கலாம், எந்த வரிசையிலும் இருக்கலாம். ஓட்டம் தொடங்குவது மெயினில். ஆனால் மெயினைக் கூப்பிடுவது யார்? நீங்கள் எழுதாத ஒரு சின்னத் துண்டு நிரல் உங்கள் புரோகிராமோடு லிங்கரால் சேர்க்கப்படுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் முதலில் அந்தத் துண்டுக்குத்தான் போகிறது. அது சில தயாரிப்புகளைச் செய்துவிட்டு 'மெயின்' என்ற பெயருள்ள ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. மெயின் என்பதை எழுத்துப் பிழையாக 'மைன்' என்று அடித்தால் கம்பைலர் குறை சொல்லாமல் விட்டுவிட்டு, லிங்கர் மட்டும் மெயினைக் காணவில்லை என்று சொல்வதன் காரணம் இதுதான். கம்பைலருக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவே. தேடுவது லிங்கர்.

மெயினுக்கு முன்னால் இருக்கும் இன்ட், இந்த ஃபங்ஷன் முடியும்போது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்கிறது. அடைப்புக்குள் இருக்கும் வாய்ட், இது எந்த மதிப்பையும் வாங்கிக்கொள்ளாது என்கிறது. நம் ஊர் கல்லூரிகளில் படித்த பலருக்கு இது அந்நியமாகத் தெரியும். அவர்கள் பழகியது இடம் மாறிய வாய்ட், அதாவது 'வாய்ட் மெயின்'. கூடவே கோனியோ.எச் என்ற ஹெடர் ஃபைல், தொடக்கத்தில் சிஎல்ஆர்எஸ்சிஆர், முடிவில் கெட்ச். இந்த மூன்றும் சி மொழியின் பகுதிகளே அல்ல. 1987-ல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ சி-யின் பழக்கங்கள்.

அந்த நீலத் திரையில் வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். போன தடவை ஓடிய புரோகிராமின் விடை வெளியீட்டுத் திரையில் அப்படியே கிடக்கும். அதைத் துடைக்க சிஎல்ஆர்எஸ்சிஆர். புரோகிராம் முடிந்த நொடியில் திரை மறைந்து மறுபடியும் எடிட்டர் வந்துவிடும், விடையைப் பார்க்கவே முடியாது. அதனால் ஒரு கீயை அழுத்தும் வரை நிறுத்திவைக்கக் கெட்ச். டாஸ் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் காலத்துத் திரைச் சிக்கலுக்கான நிவாரணத்தை மொழியின் இலக்கணம் என்று நினைத்துக்கொண்டு, ரெக்கார்ட் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிய தலைமுறைகள் உண்டு. அதே நிரலை லினக்ஸில் அடித்தால் கோனியோ.எச் இல்லை என்று முதல் அடியிலேயே நின்றுவிடும். டர்போ சி மோசம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து மெஷினில் அது அருமையான கருவி. எது மொழி, எது கருவி என்று பிரித்துச் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம்.

வாய்ட் மெயின் என்று எழுதினால் நடப்பது என்ன? புரோகிராம் ஓடும், வணக்கம் வரும். ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறது, அந்தப் பதிலில் என்ன இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ரிட்டர்ன் 0 தருவது அந்தப் பதிலைத்தான். பூஜ்யம் என்றால் 'வேலை நல்லபடியாக முடிந்தது'. வேறு எந்த எண்ணும் 'ஏதோ தவறு'. வெற்றிக்கு ஒரே எண்ணும் தோல்விக்கு இத்தனை எண்களும் ஏன் என்றால், நல்லபடியாக முடிவதற்கு ஒரே விதம்தான் உண்டு. கெட்டுப்போக எத்தனையோ விதங்கள். ஃபைல் கிடைக்கவில்லையா, நினைவகம் போதவில்லையா, கொடுத்த எண் தவறா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் டெர்மினலில் புரோகிராமை ஓட்டியதும், எக்கோ என்ற கட்டளையோடு டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து அடியுங்கள். 0 என்று வரும். இப்போது நிரலில் 0-வை 7 ஆக மாற்றி, திரும்பக் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். திரையில் அதே வணக்கம்தான், ஆனால் எக்கோ 7 என்று காட்டும். இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே && போட்டு ஓட்டினால், முதலாவது பூஜ்யம் சொன்னால் மட்டுமே இரண்டாவது ஓடும். ஆக, அந்தக் கடைசி வரி உங்கள் புரோகிராமை வேறு புரோகிராம்கள் நம்புவதற்காக இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுத் தரநிலைப்படி மெயினில் மட்டும் அதை எழுதாமல் விட்டாலும் 0 என்றே எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் தொடக்கத்தில் எழுதிப் பழகுவதே நல்லது என்பது என் எண்ணம்.

கர்லி பிராக்கெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபங்ஷனின் உடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவது. திறக்கும்போதே மூடும் குறியையும் அடித்துவிட்டு நடுவில் எழுதினால் பாதிச் சிக்கல் வராது. செமிகோலன்தான் ஆரம்பத்தில் ஆட்டிப் படைக்கும். சி-க்கு வரி முடிவு ஒரு பொருட்டே இல்லை. முழுப் புரோகிராமையும், இன்க்ளூட் வரியைத் தவிர, ஒரே வரியில் நெருக்கி எழுதினாலும் ஓடும். வாக்கியம் முடிந்தது என்று அது தெரிந்துகொள்வது செமிகோலனை வைத்து மட்டுமே. காலி வரியையும் சேர்த்து எண்ணினால் நம் பிரின்ட்எஃப் 6-ஆம் வரியில் இருக்கிறது. அதன் செமிகோலனை விட்டுவிட்டால் சில கம்பைலர்கள் 7-ஆம் வரியைக் காட்டி, 'ரிட்டர்னுக்கு முன்னால் ஒரு செமிகோலனை எதிர்பார்த்தேன்' என்று சொல்லும். 7-ஆம் வரியை உற்று உற்றுப் பார்த்தால் பிழையே தெரியாது. கம்பைலர் பொய் சொல்லவில்லை. 6-ஆம் வரி முடிந்தும் வாக்கியம் இன்னும் தொடர்கிறது என்று நினைத்துப் போய், ரிட்டர்னைப் பார்த்த பிறகுதான் அதற்குச் சந்தேகம் வருகிறது. பிழை காட்டும் வரியில் எதுவும் தெரியாவிட்டால் ஒரு வரி மேலே பாருங்கள்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் வணக்கத்தையும் ஒருமுறை கவனிக்கலாம், தமிழ் வாசகருக்கு இதில் தனி ருசி இருக்கிறது. சரத்தின், அதாவது மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடரின், நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென் என்ற ஃபங்ஷனிடம் 'வணக்கம்' என்ற சொல்லைக் கொடுத்தால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் சேமித்த ஃபைலில் 21 என்று பதில் வரும். நம் கண்ணுக்கு வ, ண, க், க, ம் என்று ஐந்து எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு என்பதால் க், ம் இரண்டும் இரண்டிரண்டாகப் பிரிந்து மொத்தம் ஏழு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஏழு மூன்று 21. சி-க்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். அந்தப் பைட்களை உள்ளபடியே டெர்மினலுக்கு அனுப்பிவிடுகிறது, டெர்மினல் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. தமிழ் என்ற ஒன்றைப் பற்றி எதுவுமே அறியாமல் சி தமிழில் வணக்கம் சொல்கிறது. கடைசியில் இருக்கும் \என் அடுத்த வரிக்குப் போகச் சொல்வது. அதை விட்டுவிட்டால் வணக்கத்தோடு ஒட்டியே டெர்மினலின் அடுத்த கட்டளைக் குறி வந்து நிற்கும்.

இனி கொஞ்சம் வேலை செய்கிற புரோகிராம். ஒரு டீ 15 ரூபாய், எத்தனை டீ என்று கேட்டு மொத்தத்தைச் சொல்ல வேண்டும். மெயினுக்குள் இப்படி வரும்:

இன்ட் டீ = 0;
இன்ட் ரேட் = 15;
பிரின்ட்எஃப்("எத்தனை டீ? ");
ஸ்கேன்எஃப்("%டி", &டீ);
பிரின்ட்எஃப்("மொத்தம் %டி ரூபாய்\என்", டீ * ரேட்);

முதல் இரண்டு வரிகள் அறிவிப்பு. ஒவ்வொரு வேரியபிளுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கி, பெயர் வைத்து, தொடக்க மதிப்பும் போடுகிறோம். அடுத்த வரிகளில் வரும் %டி என்பது 'இந்த இடத்தில் ஒரு முழு எண்' என்ற குறி. அறிவிப்புகள் எல்லாம் மேலேயே இருக்க வேண்டும் என்று சொல்லித் தருவது 1989-ஆம் ஆண்டுத் தரநிலையின் கட்டாயம். 1999-க்குப் பிறகு தேவைப்படும் இடத்தில் அறிவிக்கலாம்.

பிரின்ட்எஃப்புக்கு வெறும் பெயர் போதும்போது ஸ்கேன்எஃப்புக்கு மட்டும் & எதற்கு? பிரின்ட்எஃப்புக்கு மதிப்பு தெரிந்தால் போதும், அதை அச்சிடப் போகிறது. ஸ்கேன்எஃப் ஒரு மதிப்பைக் கொண்டுவந்து வைக்கப் போகிறது. எங்கே வைப்பது என்று முகவரி தெரிய வேண்டும். தபால்காரரிடம் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை, கதவு எண்ணைத்தான் சொல்ல வேண்டும். & போடாமல் விட்டால் டீயின் மதிப்பான 0-வையே முகவரி என்று எடுத்துக்கொள்ளும். அந்த முகவரியில் எழுத அனுமதி இல்லாததால் லினக்ஸில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று புரோகிராம் நின்றுபோகும்.

கணக்கைத் தனி ஃபங்ஷனாக எழுதலாம் என்று தோன்றும். 'பில்' என்று பெயர் வைத்து மெயினுக்குக் கீழே எழுதி, மெயினிலிருந்து கூப்பிட்டால் புதிய கம்பைலர் பில் என்றால் யார் என்று கேட்டு நிறுத்திவிடும். கீழே அது இருப்பது நமக்குத் தெரிகிறது, கம்பைலருக்குத் தெரிவதில்லை. சி கம்பைலர் மேலிருந்து கீழாகவே படித்துக்கொண்டு வரும். இன்னும் பார்க்காத பெயர் அதற்கு இல்லாத பெயர். சி பிறந்த சூழலை நினைத்தால் இதில் வியப்பில்லை. பெல் ஆய்வகம் அப்போது வாங்கிய பிடிபி-11 கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். முழு ஃபைலையும் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னும் தேட அதில் ஏது இடம்?

தீர்வு எளிது. மெயினுக்கு மேலே ஒரே ஒரு வரி:

இன்ட் பில்(இன்ட் டீ, இன்ட் ரேட்);

உடல் இல்லை, கர்லி பிராக்கெட் இல்லை, செமிகோலனோடு முடிகிறது. இரண்டு முழு எண்களை வாங்கி ஒரு முழு எண்ணைத் தரும் பில் என்ற ஃபங்ஷன் எங்கேயோ உண்டு என்று கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். இப்போது எடிட்டரில் எஸ்டிடிஐஓ.எச் ஃபைலைத் திறந்து பிரின்ட்எஃப் என்று தேடிப் பாருங்கள். லினக்ஸில் சில கூடுதல் சொற்கள் ஒட்டியிருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இன்ட் என்று தொடங்கி, பெயர், அடைப்புக்குறி, கடைசியில் ஒரு செமிகோலன். நீங்கள் பில்லுக்கு எழுதிய வரியேதான்.